மிளகாய் பூசிய தூண்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன வருஷம் அது. குதிரைவண்டிக்கார உதுமான் கனிக்குப் பிள்ளை இல்லை; மைனா என்ற குதிரைதான் எல்லாம். புல் தின்பது ஏழை வீட்டுக் குதிரை என்பது அவர் எண்ணம். புல்லை அடியோடு நிறுத்திவிட்டு, வேளாவேளைக்குக் கொள்ளு அவித்துப் போட்டார். மைனா லாயத்துத் தூணைக் கடிக்கத் தொடங்கியது. தின்ற கொழுப்பு என்று திட்டி, தூணில் மிளகாயை அரைத்துப் பூசினார்.

ஒரு நாள் அது வயிறு உப்பி, புரண்டு புரண்டு செத்தது.

"கொள்ளு மட்டும் போதாதுங்க. புல்லுல இருக்குற நாருதான் குடலை ஓட வைக்கும். அது கிடைக்காமத்தான் மரத்தைக் கடிச்சிருக்கு" என்றார் மாட்டு டாக்டர்.

சாயங்காலம் உதுமான் கனி ஈரத்துணியால் தூணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எதுக்கு மச்சான்?" என்றாள் மனைவி ஜுலைகா.

"அதுக்கு வாய் எரியுமுல்ல."