ஆறு மடை வைத்த கண்மாய்

என் மகன் சின்னக்கருப்பன் மதுரை ஜெயிலில் இருக்கிறான். கண்மாய் மடையைத் திறப்பதில் தகராறு. பக்கத்து வயல்காரர் வீரணனின் மகன் மாயாண்டியும் இவனும் மண்டையை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். தை பிறந்தால் இருவருக்கும் விடுதலை. வந்ததும் மறுபடி கம்பைத் தூக்குவார்களோ என்ற பயத்தில்தான் புரட்டாசியில் அவனைப் பார்க்கப் புறப்பட்டேன். பிறருக்கும் வழி தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன். இந்த வருஷம்தான் இராப்பள்ளியில் எழுத்துப் படித்தேன். கை மெதுவாகத்தான் ஓடுகிறது.

கீழக்குயில்குடியிலிருந்து ரோட்டுக்கு இரண்டு மைல் நடை. ஏழரைக்குக் கரி பஸ், இரண்டணா. யுத்தத்தால் பெட்ரோல் இல்லை, அடுப்புக் கரியை எரித்துத்தான் ஓடுகிறது. ஏற்றத்தில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும், வெள்ளை வேட்டி வேண்டாம். மைல் கல் ஒவ்வொன்றையும் உரக்க வாசித்தேன்.

"பெருசு, கல்லு எங்கயும் ஓடிராது, மெதுவாப் படிங்க" என்றார் டிரைவர்.

பின்னால் வீரணன் இருந்தார். சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. நான் முன்னால் உட்கார்ந்தேன்.

ஜெயில் வாசலில் ஒன்பதுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். கைநாட்டு வைக்க மை நீட்டினார்கள். பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அதற்காகவே இன்னொரு தடவை போகலாம்!

மகன் கம்பிக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு வந்தான். உள்ளே ஜமக்காளம் நெய்கிறார்களாம். சித்திர வாத்தியார் ஒருவர் வந்து, ஆறு பேர் கூடி ஒரு கண்மாய் வரையுங்கள், அதையே நெய்யலாம் என்றிருக்கிறார். இவர்களோ அவரவர் வயலுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு மடை வைத்துவிட்டார்கள்.

"வாத்தியாரு பாத்துட்டு, 'இம்புட்டு ஓட்டை போட்டா தண்ணி எங்கய்யா நிக்கும்'னாருப்பா. எங்களுக்கே சிரிப்பு வந்துருச்சு."

"மாயாண்டியுமா சிரிச்சான்?"

"அவந்தேன் ரொம்பச் சிரிச்சான்."

ஆறு பேரும் சம்மதிக்காத கோடு தறி ஏறக் கூடாது என்பது வாத்தியார் வைத்த விதி. பல நாள் வாதாடி, கடைசியில் ஒரே மடை வைத்தார்கள். அதன் முன்னால் தண்ணீரைச் சரிபாதியாகப் பிரிக்க ஒரு கல், இரண்டு வாய்க்கால். வரைந்தவன் மாயாண்டி, நெய்தவன் என் மகன்.

"ஊர்லயும் இப்படி ஒரு கல்லு நடணும்ப்பா. நாங்க பேசியாச்சு. நீயும் வீரணன் மாமாவுந்தேன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரியிறீக."

வாசல் அறையில் அந்த ஜமக்காளத்தை விற்பனைக்கு விரித்திருந்தார்கள். வீரணன் அதன்முன் குனிந்து நின்றார். நானும் போய் நின்றேன். கல்லின்மேல் விரலை வைத்து, "ஒன் வயப் பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்குல்ல?" என்றார்.

"கண்ணாடி வாங்கிப் போட்டுப் பாரு மாப்ள."

"கண்ணாடி எதுக்கு? கரையில கயிறு புடிச்சுப் பாத்துருவோம், வா!"

திரும்புகிற பஸ் மூன்று மணிக்கு. பின்னால் கரிப்புகை அடிக்கும், முன்னால் இடம் பிடியுங்கள். ஒருவர் உட்காரும் இடத்தில் நாங்கள் இருவரும் நெருக்கி உட்கார்ந்து வந்தோம்.

மறுநாளே கயிறு பிடித்து அளந்தோம். இப்போது கல்லும் கொத்தியாயிற்று, கரைமேல் கிடக்கிறது. இன்னும் நடவில்லை. பையன்கள் தையில் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். எல்லாரும் சம்மதிக்காத கோடு எங்கள் ஊரிலும் ஏறாது.