கச்சான் காலத்துத் திரை

பால்மாப் பெட்டியின் மட்டையைக் கைபேசி அளவுக்கு வெட்டி, நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை போட்டு நான் செய்த போன் அது. ஓட்டைக்குப் பின்னால் கடதாசித் துண்டுகளைச் செருகியிருப்பேன். கையில் வாங்கியவர் பொத்தானை அமத்தினால், அடுத்த கடதாசியை நான் இழுத்துவிட வேண்டும். அதாவது அந்தப் போனுக்குள் இருந்த இயந்திரம் நான்தான். மாங்கேணியிலிருந்து வாழைச்சேனை வரை கரைகரையாக அதைக் கொண்டு திரிந்தேன். "இது என்ன புள்ள, பொம்மைக் கூத்தா?" என்று சிரித்தவர்கள்கூட ஒருமுறை அமத்திப் பார்க்காமல் விட்டதில்லை. அப்பா அமத்திய அமத்தில் முதல் நாளே ஒரு திரை கிழிந்துபோனது. வலைக்கயிறு இழுத்த விரலுக்கு மெல்லத் தொட வராது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பொத்தான்களை எல்லாம் பெரிதாக்கினேன்.

அந்த மட்டைப் போனில் ஒத்திகை பார்த்த செயலியை இரண்டு பேர் செய்தோம். திரைகளைக் கடதாசியில் கீறியவள் நான்; அவற்றை உண்மையான போனில் ஓட வைத்தவள் என் மச்சாள். அம்மாவின் அண்ணன் மகள். மாமாவும் அப்பாவும் ஒரே வலையின் பங்காளிகள். கரைவலை இழுக்கிறவர்களுக்குக் கடற்கரையில் அவரவர்க்கென்று ஒரு துண்டு நிலம் உண்டு. அதைப் பாடு என்போம். எழுத்தில் ஒன்றும் இராது. இன்னாருடைய பாடு என்று ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். சுனாமி அன்று, மாரிக்கிடையில் வெயில் கண்டதென்று, மாமா அந்தப் பாட்டில்தான் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றார். தாயை முன்னமே இழந்திருந்த மச்சாள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளையானாள். ஒரே பாயில் படுத்தோம், ஒரே குடையில் பள்ளிக்கூடம் போனோம், சண்டையும் அப்படித்தான் பிடித்தோம். அவள் படித்ததும் நான் படித்ததும் அந்தப் பாட்டில் அப்பா இழுத்த மீனில்தான்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் மட்டக்களப்பு டவுனில் ஒரு நிறுவனத்தில் எங்கள் இருவருக்கும் வேலை கிடைத்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கடல் பொங்கப் போகிறது என்று செய்தி வந்தால் எந்தக் கரையில் யார் நிற்கிறார்கள் என்று உடனே தெரிய வேண்டும், அவர்களைக் கூப்பிட வேண்டும். செயலி அதற்குத்தான் என்று திட்டத்துக்குப் பொறுப்பான சேர் சொன்னார். எங்கள் பக்கத்தில் இதற்கு வேண்டாம் என்று சொல்லுகிற வீடு ஏது? ஆட்கள் பிள்ளை குட்டிகளோடு வந்து, என் மட்டைப் போனில் தங்கள் தோணி நிற்கும் இடத்தைக் காட்டினார்கள்.

முதலில் நான் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தேன்: உங்கள் தோணி எங்கே? அப்பா கையில் கொடுத்தபோது அவர் விரலைத் தூக்கியபடியே, "இப்பயா, கச்சானுக்கா?" என்று கேட்டார். வாடைக் காற்று வீசும் மாரியில் எங்கள் கடல் மூசும். அப்போது வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, தோணியைக் கொண்டுபோய் ஆற்றில் விடுவார்கள். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கச்சான் காற்று எடுத்துக் கடல் அடங்கியதும் எல்லோரும் கரைக்குத் திரும்பிவிடுவார்கள். மாரியில் அந்தக் கரையைப் பார்க்கிறவனுக்கு அது ஆளில்லாத வெறும் மணல்தான். ஆகவே இன்னொரு திரை கீறினேன். அதில் இரண்டு பெரிய பொத்தான்கள்: ஒன்றில் மழை, மற்றதில் வெயில். மழையைத் தொட்டால் ஆறு, வெயிலைத் தொட்டால் கரை. எழுத்து வாசிக்காதவர்களும் தடுமாறாமல் தொட்டார்கள். நான் கீறிய எல்லாத் திரைகளிலும் எனக்குப் பிடித்தது அதுதான். மச்சாளும் பார்த்துவிட்டு, "இது நல்லாயிருக்குகா" என்றாள்.

உண்மையான போன்களைக் கொடுத்தது நல்ல மாரியில். வாங்கிப் பார்த்தால் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. உங்கள் தோணி எங்கே என்ற ஒரே கேள்வி. மச்சாளைக் கேட்டேன். "திரை கூடினா ஆக்கள் குழம்புவாங்க எண்டு சேர் சொன்னவர். மறுகா சேர்க்கலாம்" என்றாள். எங்கள் தொழிலில் அது நியாயமான பேச்சுத்தான். ஒரு தொடுகையைக் குறைத்தால் ஒரு மனிதரின் தலையிடி குறையும் என்று நானே பல தடவை வாதாடியிருக்கிறேன். அதோடு சொன்னவள் மச்சாள். சந்தேகப்பட எனக்கு என்ன வந்தது? ஊரே ஆற்றில் தோணி விட்டிருந்தது. ஊரே ஆற்றைத் தொட்டது.

கச்சான் எடுத்தது. வலையைக் காவிக்கொண்டு பாட்டுக்குப் போன அப்பாவும் மற்றவர்களும் அங்கே கொங்கிறீட் தூணும் கம்பியும் கண்டார்கள். பாசிக்குடாவில் ஒன்றன்பின் ஒன்றாக ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் கரைக்கும் ஒன்று வந்திருந்தது. ஹோட்டல்காரரோடு பேசப் போனவர்களுக்கு அவர்களுடைய அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் காட்டினார்களாம். ஆறு முழுக்கப் பச்சைப் புள்ளிகள், கரையில் ஒன்றுகூட இல்லை. "இதில ஒருத்தரும் தொழில் செய்யிறதில்லையே, நீங்களே போனில காட்டித்தானே இருக்கிறீங்க" என்று பதில் வந்தது. சுனாமி தோணியைக் கொண்டுபோனது, பாடு மிஞ்சியது. யுத்தம் எத்தனையோ நாள் கடலை மூடிவைத்தது, அப்போதும் பாடு மிஞ்சியது. கடைசியில் அதை நாங்களே விரலால் தொட்டுக் கொடுத்திருந்தோம்.

அலுவலகத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியடியில் மச்சாளை மறித்தேன். சேர் ஏமாற்றிவிட்டார், நானும் ஏமாந்தேன் என்று அவள் அழுவாள், நானும் சேர்ந்து அழலாம் என்று நினைத்துத்தான் போனேன். அவள் அழவில்லை. "அந்தத் திரைய நான் தெரிஞ்சுதான் எடுத்தன்" என்றாள். "எங்கட அப்பாவக் கொண்டுபோன கரை அது. இனி நம்மட ஆக்கள் ஒருத்தரும் அதில நிக்க வேணாம்."

ஒரு கணம் எனக்கும் நெஞ்சு இளகியது, பொய் சொல்லவில்லை. பிறகுதான் கேட்டேன்: "அப்ப வெள்ளைக்காரன் வந்து படுத்தா அலை வராதாகா?" அவள் என்னை விலக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் போய்விட்டாள். சேர் பிடித்துக்கொடுத்த வேலைக்கு அவள் கொழும்புக்குப் போனபோது, அந்த ஹோட்டலுக்கான செயலியைச் செய்கிற கம்பனிதான் அது என்பது தெரியவந்தது. மாமாவின் சாவைக்கூட அவள் ஒரு சாட்டாக வைத்தாளா, இல்லை உண்மையாகவே அந்த மணலை வெறுத்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கூட இருந்து குழி பறித்தாள் என்பது மட்டும் தெரியும். கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் முயலவும் இல்லை.

இதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. மட்டைப் போனோடு வீடுவீடாக ஏறி இறங்கியவள் நான். அறைக்குள் கணினி முன்னால் இருந்தவளை ஊரில் ஒருவரும் காணவில்லை. அப்பா கேட்டது ஒரே கேள்வி: "நீதானே மகள் கீறின?" நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "தகப்பன் இல்லாத பிள்ளையில பழி போடாத" என்றார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. பாடு இல்லாத வலையையும் தோணியையும் விற்றுவிட்டு, இப்போது வேறொருவரின் தோணியில் கூலிக்கு ஆற்றில் வலை போடுகிறார். நான் இன்றும் திரைகள்தான் கீறுகிறேன், வேறு ஊர்களுக்கு, வேறு ஆட்களுக்கு. என்ன வேலை செய்கிறாய் என்று அப்பா ஒருநாளும் கேட்பதில்லை.

போன சித்திரைக்கு மச்சாள் வந்தாள். அப்பா வாசலுக்கே போய் அவளைக் கூட்டிவந்து தனக்குப் பக்கத்தில் இருத்தினார். அவளுக்காக நண்டு வாங்கியிருந்தார். அம்மாவுக்கு ஏலாது என்பதால் நான்தான் பரிமாறினேன். சாப்பாட்டின் நடுவில் அப்பா அவள் தலையைத் தடவி, "அண்டைக்கு நீ கீறியிருந்தா நம்மட பாடு போயிருக்காது புள்ள" என்றார்.

மச்சாள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கறிச் சட்டியோடு நின்றேன், அவள் வாய் திறப்பாள் என்று.

"ஓம் மாமா" என்றாள்.

பிறகு சோற்றுக் கோப்பையை என் பக்கம் நீட்டினாள். கறி விட்டேன்.