"மரைன்" என்று அச்சடித்த பலகை

காலை ஒன்பது மணியிருக்கும். ஆரையம்பதி வாவிக்கரையில் உள்ள என் பட்டறைக்குத் தவராசா சைக்கிளில் வந்து இறங்கினார். மூன்று கிழமைக்கு முன்தான் அவருடைய ஃபைபர் போட்டில் எஞ்சின் பூட்டுகிற பின்பலகையை மாற்றிக் கொடுத்திருந்தேன். ட்ரான்சம் என்போம். வெளியே பார்த்தால் ஃபைபர், உள்ளே இருப்பது பிளைவுட். எஞ்சினின் பாரமும் உதறலும் அந்தப் பிளைவுட்டில்தான் இறங்கும்.

பட்டறையில் வேலை கொடுக்க வந்த நாலைந்து பேர் நின்றார்கள். தவராசா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எஞ்சின் பின்னுக்குச் சாயுது அண்ண. வலை போடாமத் திரும்பி வந்திட்டம். நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. வந்து பாருங்க."

அவர் அங்கேயே சத்தம் போட்டிருந்தால் அந்த நாலைந்து பேரும் வேறு பட்டறை தேடிப் போயிருப்பார்கள். இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

கடற்கரைக்குப் போய் எஞ்சினைக் கழற்றி, கிரைண்டரால் ட்ரான்சத்தை வெட்டித் திறந்தேன். நனைந்த கொப்பியின் தாள்கள் மாதிரி பிளைவுட் பிரிந்து கிடந்தது. நடுப்படையில் விரல் போகிற அளவுக்கு இடைவெளி. பலகையின் முகத்தில் "மரைன்" என்று பெரிதாக அச்சடித்திருந்ததைப் பார்த்து நம்பி வாங்கியவன் நான். அதன் ஓரத்தில், ஓட்டையை அடைக்கிற பட்டி பூசியிருந்ததையும் வாங்கும்போதே கண்டேன். சீசன் தொடங்குகிற அவசரத்தில், ஏன் பூசியிருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

தவராசா குனிந்து பார்த்துவிட்டு, "இதே பலகை வேற போட்டிலயும் கிடக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் மனம் வந்தது. அந்தப் போட் அடுத்த முறை பெயின்ற் அடிக்க வரும்போது சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றும் எண்ணம் ஓடியது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யோகன்ட போட்டில" என்றேன்.

யோகன் தன் தம்பிமார் இரண்டு பேரோடு பின்னேரத்துக்கு முன் கடலில் இறங்குகிறவர். கரையின் மற்றப் பக்கத்துக்கு மணலில் ஓடினோம். போட்டின் முன்பாகம் அப்போதுதான் தண்ணீரைத் தொட்டிருந்தது. இறக்க வேண்டாம் என்று மறித்து, நடந்ததைச் சொன்னேன். கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"உங்கள நம்பித்தானே தம்பிமாரையும் ஏத்திக்கிட்டுப் போறன்" என்றார் யோகன்.

"ஓம். பிழை என்ட பக்கம்தான்" என்றேன். அவர் போட்டைத் திருப்பிக் கரைக்கு இழுப்பித்தார்.

அடுத்த நாள் டவுனில் வேறொரு ஹாட்வெயார் கடைக்குப் போனேன். அங்கே பலகைப் பகுதியைப் பார்ப்பவர் ராஜினி. விஷயத்தைக் கேட்டதும் அவர் பில் போடவில்லை. மூன்று வகைப் பலகையில் உள்ளங்கை அளவு துண்டுகள் வெட்டி, கடைக் குசினியில் ஒரு பழைய சட்டியில் போட்டு அவித்தார். மத்தியானத்துக்குள் ஒன்று படை படையாகக் கழன்றது. இரண்டாவதின் ஓரம் வீங்கியது. மூன்றாவது, கடை பூட்டுகிற நேரம்வரை அவிந்தும், கத்தி நுனியை இடையில் விட முடியவில்லை. கழன்ற பலகையும் அவருடைய கடைச் சரக்குத்தான். அந்தப் பலகையில் சோக்கால் "வீட்டுக்குள்ள மட்டும்" என்று எழுதி ஒதுக்கி வைத்தார்.

"அச்சு ஆரும் அடிக்கலாம் அண்ண. வெட்டின ஓரத்தப் பாருங்க. படைக்கு நடுவில ஓட்டை இருக்கப்படாது. மறுகா அவிச்சுப் பாத்து எடுங்க."

இத்தனை வருட வேலையில் எனக்குத் தெரியாததை அவர் ஒரு பகலில் காட்டித் தந்தார். அந்த மூன்றாவது வகைதான் எடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு போல்ற் துளையையும் பெரிதாகத் துளைத்து, ஃபைபர் ஒட்டுகிற ரெசினால் நிரப்பி, இறுகிய பிறகு திரும்பவும் துளைத்தேன். அப்படிச் செய்தால் துளை வழியே தண்ணீர் மரத்தைத் தொடாது.

தவராசாவின் போட்டை முடித்துவிட்டு யோகனின் ட்ரான்சத்தை வெட்டினேன். யோகன் பக்கத்தில் நின்றார். நாலு நாளாக என்னோடு கதைக்காதவர். வெளியே ஒரு கீறலும் இல்லை. உள்ளே படைகள் கழலத் தொடங்கியிருந்தன. அவர் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். தம்பிமாரைக் கூப்பிட்டு அவர்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க அண்டைக்கு ஓடி வந்தது நல்லம்" என்றார்.

இப்போது போட்டுக்காரரையும் வைத்துக்கொண்டுதான் பலகைத் துண்டை அவிக்கிறேன். வேலை ஒரு நாள் பிந்தும். அதனால் வேறு இடம் போனவர்களும் உண்டு. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அவித்துப் பாராத பலகையைப் போட்டில் வைக்காதீர்கள். வைத்துவிட்டீர்கள் என்று தெரிந்தால், அந்தப் போட் கடலில் இறங்கும் முன் போய்ச் சொல்லுங்கள். யோகனும் தம்பிமாரும் இன்றைக்கும், புதுப் பலகை போட்ட அதே போட்டில்தான் போய் வருகிறார்கள்.