ஆட்சேபணை இல்லை

சத்தி ரோட்டை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் நான் எழுத்தராக இருந்தேன். உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால், எந்தத் தெருவுக்கு எங்கே வாக்குச்சாவடி என்று வரைவுப் பட்டியல் போட்டு ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பார்கள். எங்கள் தெருப் பள்ளியில் ஓடு சரிந்திருந்தது. அதனால் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்குச் சாவடியை மாற்றலாம் என்றார் அதிகாரி. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்றும் கேட்டார்.

எங்கள் ஊரில் இதுதான் வினை. வந்த மனிதரை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு. அதிலும் அவர் எல்லாரோடும் உட்கார்ந்து டீ வேறு குடித்துவிட்டார், இனி யார் வாயைத் திறப்பது? என் எதிர்வீட்டு அக்காவும் வந்திருந்தார். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவர், வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவர். "அதனால என்னங்க, போயிக்கலாமுங்க" என்றார் அவரும். நான் கூட்டக் குறிப்பில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி, அழகாக அடிக்கோடும் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் சத்தி ரோட்டோரம் அக்கா நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். ஊன்றுகோலை ஓரடி முன்னால் வைப்பார், லாரி வரும், பின்வாங்குவார். மறுபடி வைப்பார், பஸ் வரும். கடந்து பார்க்க வந்திருக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கடைசியில் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஓடிப்போய், இதைக் கூட்டத்தில் சொல்வதற்கென்ன என்று சத்தம் போட்டேன். அவ்வளவு தூரம் வந்தவரிடம் எப்படிச் சொல்வது என்றார். சரி, அன்றைக்கு ஆட்டோ பிடித்து நானே கூட்டிப் போகிறேன் என்றேன். அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயலுக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் யாராச்சும் கூட்டிட்டுத்தான் போறாங்க கண்ணு. ஓட்டுப் போட மட்டுந்தான் நானா நடந்து போறது."

ஆட்சேபணை தர இன்னும் நாள் இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து மனு எழுதினேன். 'ஐயா மன்னிக்கோணும்' என்று முதலில் போட்டால்தான் கையெழுத்து என்று அக்கா பிடிவாதம் பிடித்தார், போட்டேன். என் அடிக்கோட்டுக்காக அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் மனிதர் நல்லவர். நேரில் வந்து, ரோட்டோரம் அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். சாவடி எங்கள் தெருப் பால் சொசைட்டிக் கட்டடத்துக்கு வந்தது.

வாக்குப்பதிவு நாளில் பந்தலும் குடிதண்ணீரும் என் பொறுப்பு. காலையிலேயே தெருமுனையில் அக்கா தெரிந்தார், தனியாக. வந்து சேரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. புதிதாகப் போட்ட சாய்தளத்தில் ஊன்றுகோலை வைத்து ஏறும்போது ஒருமுறை தடுமாறினார். பிடிக்க என் கை நீண்டது. அதைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.