கறுப்பு விஞ்ஞானியை நான் மறுதலித்த நாள்

இலங்கை மலைநாட்டு அட்டனில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், இந்தியாவிலிருந்து வரும் பத்திரிகைகளைப் படித்து முடித்ததும் எனக்குத் தருவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி, எனக்கு இருபது வயது. பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாராக இருந்தேன். அம்மாவும் தங்கையும் கொழுந்து பறித்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரே ஓர் அறை.

அப்படிக் கிடைத்த பத்திரிகை ஒன்றில், அமெரிக்காவின் கறுப்பு விஞ்ஞானி ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் மகன். பருத்திக் காட்டு வேலைக்கு நடுவே எழுத்துக் கூட்டப் பழகியவர். கல்லூரியில் முதலில் கிடைத்தது தரை கூட்டும் வேலைதான். கூட்டி முடித்ததும் நோய் பிடித்த இலைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பாராம். அதைக் கண்ட பேராசிரியர் ஒருவர் அவரை மாணவராகச் சேர்த்தார். மற்றவர்கள் அவரோடு ஒரே மேசையில் உட்கார மறுத்ததால் நின்றுகொண்டே படித்தார். பிற்காலத்தில் ஒருவகை இலைக் கருகலுக்குக் காரணமான பூஞ்சணத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். வெள்ளைக்காரப் பண்ணையார்கள் கருகிய செடியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் காத்து நின்றார்களாம்.

மறுநாளே அதைப் பிள்ளைகளுக்குப் படித்துச் சொன்னேன். தொழிற்சாலையில் அடுப்பெரிப்பவரின் மகள், பத்து வயதுக்காரி, எழுந்து நின்றாள்.

“நம்மள மாதிரி கறுப்புங்களா மாஸ்டர்?”

“நம்மள விடக் கறுப்பு.”

“தொரைமாருங்க அவருகிட்ட யோசனை கேட்டு நின்னாங்களா?”

“நின்னாங்க.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு லயம் லயமாகப் பரவியது. மூன்றாம் நாள் காலை, ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் காதில் விழுந்தது. மதியம் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

“நாளைக்குக் காலையில தொரை ஒன்னைய ஆபீசுக்கு வரச் சொல்றாரு. அந்தப் பொஸ்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா.”

 வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டு கொடுத்தால் மூன்று பேரும் அன்றைக்கே லயத்தைக் காலி செய்ய வேண்டும். வேறு தோட்டமும் சேர்க்காது. பத்திரிகையில் கடைக்காரரின் பெயர் வேறு எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை அடுப்பில் திணித்தேன். விரல் சுட்டதுகூடத் தெரியவில்லை.

வேலை முடிந்து கூடையோடு வந்த அம்மா பார்த்துவிட்டாள். “என்னடா எரிக்கிற?”

“ஒண்ணுமில்லம்மா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூலையில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துச் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்ததும் என் பயம் இரட்டிப்பானது.

காலையில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் மேசைக்கு முன் நின்றேன். 

“கறுப்பு மனுசன் தொரைக்கு பாடம் சொல்றது. யாரு சொன்னது இந்தக் கதை?”

“நானே கட்டிச் சொன்னதுங்க தொரை. அப்படி ஒரு ஆளே இல்லீங்க.”

“பொஸ்தகம்?”

“இல்லீங்க.”

அவர் கதவைக் காட்டினார். “போ. புள்ளைகளுக்கு அதைச் சொல்லு. கண்டாக்கு கேக்கும்.”

கண்டாக்கையா வகுப்பின் பின்புறம் நிற்க, அப்படி ஒருவர் உலகத்தில் இல்லை என்று சொன்னேன். அடுப்பெரிப்பவரின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நின்றுகொண்டே படித்த அந்த மனிதரை நானும் வெளியே தள்ளிவிட்டேன் என்று தோன்றியது. வேலை தப்பியது, ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு ஒரு பிற்பகல், பள்ளிக்குக் காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்று சொல்லி, அவர்களை ஆற்றோரம் கூட்டிப் போனேன்.

“அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

“எது மாஸ்டர் பொய்? மொதல்ல சொன்னதா, கண்டாக்கையா இருந்தப்ப சொன்னதா?” என்றாள் அவள்.

“ரெண்டாவது.”

சொன்ன நொடியிலேயே மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. இவர்களில் ஒரு வாய் திறந்தாலும் முடிந்தது. அதன்பிறகு பல மாதங்கள், பெரட்டுக்கு அழைக்கும் தப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வியர்க்கும். யாரும் வந்து கூப்பிடவில்லை. முப்பது பிள்ளைகள், வீட்டில்கூட ஒருவரும் சொல்லவில்லை.