சீட்டுக்குள் தைத்த ஆர்.சி.

பைக் சீட்டுக்கு உறை தைக்கிற தொழிலில் தையல் பாதி, பைக்காரர்களின் புலம்பல் பாதி. சுள்ளிக்கலில் என் கடை. வண்டிப் பேப்பரை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைக்குள்ளும் டேங்க் கவரிலும் செருகிக்கொண்டு அலைகிற என் சக பாவிகளே, பள்ளுருத்தி செல்வம் கதையைக் கேளுங்கள். கட்டட வேலைக்கு இந்த மலையாளச் சீமைக்கு வந்த நம்ம ஊர்க்காரன். காலையில் நேரத்துக்கு சைட்டுக்குப் போகாவிட்டால் அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

கரைந்த பேப்பர்

எல்லாப் பேப்பரையும் பனியனுக்குள் வைத்துக்கொண்டு அடைமழையில் போயிருக்கிறான். தோப்பும்படி பாலத்தில் போலீஸ்காரர் கை காட்டினார். லேமினேஷன் போட்ட ஆர்.சி. தப்பித்தது, இன்சூரன்ஸ் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த மனுஷன் சிரித்தே விட்டாராம். "எடோ, இது இன்சூரன்ஸா, கஞ்சியா? போய் வேற பிரிண்ட் எடு!"

நாலு பக்கத் தையல்

"அண்ணே, சீட்டுக்குள்ள ஒரு பை தெச்சுக் குடுங்க" என்று வந்தான். எனக்கு அவன்மேல் பிரியம் ஜாஸ்தி. பேப்பரை உள்ளே வைத்து, ஒரு சொட்டுத் தண்ணி போகக் கூடாதென்று நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டேன். கை போக வழி வேண்டுமே! அட கடவுளே, அது எனக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்று மெச்சிய அவனுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அதே பாலத்தில் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சீட்டை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினான். நான் பிரித்துக் கொடுத்து, அவன் போய்க் காட்டி, சைட்டைச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. சாயங்காலம் வந்து, கொஞ்சம்கூடக் கோபப்படாமல் சொன்னான்: "வண்டி கிடைச்சுது அண்ணே, இன்னைக்கு வேலைதான் போச்சு. இன்னொரு வாட்டி லேட்டானா வரவே வேண்டாம்னு கான்ட்ராக்டர் சேட்டன் சொல்லிட்டாரு."

போனில் எல்லாம்

எனக்கு மனசே கேட்கவில்லை. அவன் போனிலேயே அரசாங்க ஆப்பில் எல்லாப் பேப்பரையும் ஏற்றிக் கொடுத்து, ஒரிஜினலை வீட்டில் வைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் மறுபடி நிறுத்தினார்கள். போனைக் காட்டினான், விட்டுவிட்டார்கள். சைட்டுக்கு முதல் ஆளாகப் போய் நின்றானாம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சாயங்காலம் பழம்பொரிப் பொட்டலத்தோடு வந்தவன், போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் மிஷின்மேல் வைத்தான். "இனிமே இதுதான் அண்ணே எனக்கு எல்லாம். மழை வேற வருது, சீட்டுக்குள்ள வெச்சுத் தெச்சிடுங்க."

என் தையலை இவ்வளவு நம்புகிற ஒரே மனுஷனை நான் எந்த வாயால் திட்டுவது, சொல்லுங்கள்!