மீன் கூடையில் திருவள்ளூர் போன துலிப்

துலிப் பூவைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். தாராளமாக முடியும். எழுபதுகளின் கடைசியில், ஒரு பிப்ரவரி மாதம், என் கல்யாண மாலைக்கான துலிப் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு மீன் கூடையில் போனது.

நான் ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். நான் கட்டிக்கொண்ட வேலு பழவேற்காட்டில் மீன் பிடிக்கிற குடும்பம். இருவருக்கும் கும்மிடிப்பூண்டியில் ஒரே ஆலையில் வேலை. திருவள்ளூர்ப் பதிவாளர் அலுவலக நோட்டீஸ் பலகையில் எங்கள் பெயரைப் பார்த்த என் அண்ணன், இவர்களுக்கு மாலை கட்டித் தரக்கூடாது என்று திருவள்ளூர்ப் பூக்கடைகளில் சொல்லி வைத்துவிட்டார். மாலை மாற்றாமல் கல்யாணமா, வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவாள் என்று கணக்கு. சென்னையில் வாங்கியிருக்கலாம்தான். ஆனால் எனக்கு வீம்பு. உங்கள் ஊர்ப் பூவே வேண்டாம், போங்கள் என்று இருந்தேன்.

அந்த வாரம்தான் ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த ஹாலந்துக்காரர் தன் ஊரிலிருந்து விமானத்தில் ஒரு கட்டு துலிப் கொண்டுவந்து கொடுத்தார். சூடு ஆகாது, பழத்தின் பக்கத்தில் வைக்காதே, காம்பைக் கிள்ளாதே என்றார். நம் வழக்கம் காம்பைக் கிள்ளித் தொடுப்பது. துலிப்புக்கோ உயிரே காம்பில்தான்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு ஊத்துக்கோட்டை பஸ், அங்கே இறங்கி திருவள்ளூர் பஸ். மொத்தம் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். வேலுவின் தங்கை வசந்தா, சூடு ஆகாது என்று கேட்டதும் பூவை இறால் கூடையில் போட்டு ஐஸால் மூடிவிட்டாள்.

“இன்னா அண்ணி மொறைக்கிற? மீனே நாளெல்லாம் தாங்குது, பூவு தாங்காதா?”

ஊத்துக்கோட்டையில் திறந்து பார்த்தேன். ஐஸ் பட்ட இதழெல்லாம் வெந்த கீரையாகிவிட்டது. அழுகை வந்தது. நடுவில் இருந்தவை மட்டும் மொட்டு விரியாமல் விறைப்பாக நின்றன. அவற்றை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, அடுத்த பஸ்ஸில் வலை நூலால் காம்போடு சேர்த்து இரண்டு மாலையாகக் கட்டினோம்.

கண்டக்டர் மூக்கைப் பிடித்தார். “பூவுலயாம்மா இந்தக் கவுச்சி?”

“ஆமா, கல்யாணப் பூவு” என்றாள் வசந்தா.

பதிவாளர் அலுவலக வாசலில் அண்ணன் நின்றிருந்தார். எங்கள் கையில் மாலையைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

“மாலையே கவுச்சி அடிக்குது. வேர அறுத்துக்கினு போற, எத்தினி நாளு தாங்குவ?”

“அடிக்கட்டும்ணே. தள்ளு, நேரமாவுது.”

மாலை மாற்றினோம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அந்த வாடையும் சேர்த்திதான்.

நீங்கள் கொண்டுபோவதானால் ஐஸ் இதழில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் காம்பின் நுனியைச் சாய்வாக நறுக்கி, குளிர்ந்த தண்ணீர் கொஞ்சமாக ஊற்றி அதில் நிறுத்துங்கள். தலை தொங்கினால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நிமிர்ந்துவிடும்.

நானும் அன்று மாலையைப் பிரித்து, எங்கள் வாடகை அறையில் செம்புத் தண்ணீரில் வைத்தேன். காலையில் பார்த்தால் எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி, ஒரு விரற்கடை உயர்ந்திருந்தன. அறுத்த பிறகும் வளர்கிற பூ அது. செம்பைத் தெருப்பக்கத்துச் சன்னலில் வைத்தேன். அண்ணன் அந்த வழியாக வந்தால் நன்றாகப் பார்க்கட்டும் என்று சன்னல் கதவைச் சாத்தவே இல்லை.